ஓரத்துண்டும் நூறு கிலோவும்

குப்பைக்கூடைக்கு மேலே நீண்ட தம்பியின் கையை அக்கா எட்டிப் பிடித்த இடத்தில் போன வாரம் பிரிந்தோம். அந்தக் கையில் ஒரு தட்டு. தட்டு நிறைய சுஷி ரோல்களின் ஓரத்துண்டுகள்.

"கொட்டாதடா. வாசல்ல ஒரு பூனை வருது. அதுக்குப் போடறேன், குடு இப்படி."

தட்டு கை மாறியது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டு மாதம் போல ஓடிப்போய், இதோ எடை பார்க்கும் நாள் விடிந்துவிட்டது.

இன்றைக்குத்தான் இந்தக் கதைக்குள் கால் வைக்கிறவர்கள் தவிக்க வேண்டாம். முக்கியமான ஆட்கள் மூன்றே பேர். டவர் கிரேன் ஓட்டுகிறவள் நம் நாயகி. எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கட்டடத்தின் தலைக்கு மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பையும் கான்கிரீட்டையும் தூக்கி வைப்பது அவள் வேலை. உச்சியிலேயே இருப்பவள் என்பதால் வேலையிடத்தில் 'உச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து, சொந்தப் பெயரைத் துரத்திவிட்டது. அவள் கணவன் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சுஷி கவுண்டரில், சோற்றையும் மீனையும் கடல்பாசித் தாளில் சுருட்டி ரோல் போடுகிறவன். மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா, உச்சிக்கு நாத்தனார். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஆல்ட்ரேஷன் தைக்கிறவள். வாயில் குண்டூசி இருக்கும்போதுகூட வாயை மூடத் தெரியாதவள்.

உச்சிக்கு வந்த சோதனை இதுதான். கூண்டில் தீயோ கோளாறோ ஏற்பட்டால் ஆளைக் கயிற்றில் கட்டி இறக்குவதற்கு ஒரு பெல்ட் உண்டு. புதிதாக வந்திறங்கிய பெல்ட் நூறு கிலோதான் தாங்கும். பூட்ஸ், ஹெல்மெட், உடுப்பு எல்லாம் சேர்த்து நூறு. உச்சி அதை எப்போதோ தாண்டியிருந்தாள். காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கும் வேலை. நடுவில் அசைவதெல்லாம் இரண்டு கையும் லீவரும்தான். உடம்பு ஏறாமல் என்ன செய்யும்?

அவளைக் கீழே இறக்கி, கையுறையும் ஆணியும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு தவணையும் கொடுத்தார்கள். அது இன்றோடு முடிகிறது. இன்றைக்கு முள் நூறுக்குள் நின்றால் கூண்டு அவளுக்கு. இல்லையென்றால் இப்போது தற்காலிகமாக ஏறிக்கொண்டிருக்கும் மூக்குக்கண்ணாடிக்காரருக்கே அது நிரந்தரமாகப் போய்விடும்.

"மூச்சை இழுக்காதே" என்றாள் நாத்தனார்.

"இழுக்கலை அண்ணி."

"இழுக்கிறே. வயித்தை எக்கிக்கிட்டு நின்னா டேப்பை ஏமாத்தலாம். அந்த முள்ளை ஏமாத்த முடியுமா?"

உச்சி மூச்சை விட்டாள். டேப் கொஞ்சம்தான் நெகிழ்ந்துகொடுத்தது. நாத்தனார் குனிந்து எண்ணைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வேலைக் கோட்டின் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு மாதத்தில் அதே கோட்டை அவள் பிடித்துத் தைப்பது இது முதல் தடவையில்லை.

வீட்டில் எடை மெஷின் கிடையாது. டேப் ஒன்றுதான் இத்தனை நாளும் உச்சிக்குத் தைரியம் சொல்லி வந்தது. ஆனால் டேப் அளப்பது சுற்றளவை. இன்றைக்குப் பேசப் போவது எடை. ராத்திரியெல்லாம் புரண்டு படுத்ததில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இன்னைக்குமா இது?" நாத்தனாரின் பார்வை மேசைக்குப் போனது.

மேசையில் தம்பி வைத்துவிட்டுப் போன தட்டு. ஆறு துண்டு சால்மன் மீன், தோலோடு சீவிய வெள்ளரிக்காய்த் தாளில் சுருட்டியது. சோறு ஒரு பருக்கை இல்லை.

"சோறே இல்லையே அண்ணி, பாருங்க."

"இருக்கட்டும். நான் அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். சுஷியைத் தலைமுழுகிட்டு வான்னேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்களா? இன்னைக்கு முள்ளு நூறைத் தாண்டுச்சுன்னா..." மெஷினின் மிதியை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள். மீதியை மெஷின் சொல்லி முடித்தது.

அன்றைக்கு அவள் சொன்னது என்ன என்பதை உச்சி மறக்கவில்லை.

முதல் எடையில் தோற்ற நாளிலேயே கணவன் மார்தட்டிக்கொண்டு கிளம்பினான். "என் கையில விடு. சுஷி மாதிரி லேசான சாப்பாடு உலகத்துல உண்டா? மீன், கடல்பாசி, காய்கறி. எண்ணெய் சொட்டுக்கூட இல்லை" என்றான். கவுண்டரில் இளைக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் அவனிடம்தான் வாங்கிக்கொண்டு போகிறார்களாம். அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு என்றால் அளந்து வைத்த எட்டுத் துண்டு. பொரித்த இறால் வைத்த ரோல் கிடையாது. மயோனைஸ் கிடையாது. உச்சி வாயைக் கட்டினாள். வாரங்கள் போயின. டேப் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது நாத்தனார்தான். முன்னறையிலிருந்து அடுப்படி நேராகத் தெரியும். ஒரு சாயங்காலம் பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டே பார்த்தாள். தம்பி மூங்கில் பாயில் ரோலைச் சுருட்டுகிறான். உச்சி பக்கத்தில் சாய்ந்து நின்று அன்றைக்கு நடந்ததைப் பேசுகிறாள். அவன் ரோலை வெட்டுகிறான். இரண்டு ஓரமும் பிசிறாக, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கடையில் அதைப் பெட்டியில் வைக்க மாட்டார்கள். வீட்டிலும் தட்டில் வைப்பதில்லை. அவன் பேச்சு வாக்கில் அந்த ஓரத்தை எடுத்து அவள் வாயில் வைக்கிறான். அவளும் பேச்சு வாக்கில் மென்று விழுங்குகிறாள். அடுத்த ரோல். அடுத்த ஓரம். மறுநாள் கடைக்கான கைப்பழக்கம் என்று ரோலுக்கு மேல் ரோல் போடுவது அவன் வழக்கம்.

"அது என்னது?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"எது?"

"இப்ப வாயில வச்சியே."

"அதுவா? ஓரம் அக்கா."

"சாப்பாட்டுக் கணக்குல அது வருதா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது சும்மா ஓரம்தானே..." என்று இழுத்தான் அவன்.

"ஏன், ஓரம் வயித்துக்குப் போகாம வேற எங்கேயாவது போகுதா?"

அதோடு விடவில்லை. சோற்றில் என்ன போடுகிறாய் என்று கேட்டாள். வினிகர், உப்பு என்று ஆரம்பித்தவன் மூன்றாவதை முணுமுணுத்தான். சர்க்கரை. எவ்வளவு? கொஞ்சம். கையைக் காட்டு. அவன் கையைக் குவித்துக் காட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு உச்சியைப் பார்த்தாள். உச்சி தரையைப் பார்த்தாள். தட்டில் எட்டுத் துண்டு வைத்துவிட்டு, நின்ற வாக்கில் அதைவிட அதிகம் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து செய்த தப்பு, இருவருக்கும் தெரியாமலே நடந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் நாத்தனார் சுஷியையே வீட்டை விட்டுத் துரத்தச் சொன்னாள். அன்றைக்குத்தான் அவன் ஓரங்களைக் குப்பையில் கொட்டப் போனான்.

அவன் முகம் தொங்கிப்போனதை உச்சியால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் முழுக்க அவன் கடையிலும், அவள் வேலையிலும் இருந்துவிட்டு, அந்த அடுப்படி நேரத்தில்தான் இருவரும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். அவன் ஊட்டியது சோறில்லை. அவளுக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். அதில் போய்க் கிலோ ஏறிக்கொண்டிருந்தது என்றால் யாரை நோவது?

இரண்டு நாள் அவன் அடுப்படிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு வெள்ளரிக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"சுஷின்னா ஒண்ணே ஒண்ணு இல்லை. சோறுதான் ஏத்துது. பொரிச்சது ஏத்துது. சாஸ் ஏத்துது. மீன் என்ன பாவம் பண்ணுச்சு? சோத்தைக் குறைச்சிக்கிறேன். சர்க்கரையை நிறுத்தறேன். ஓரத்தையும் எண்ணிக்கலாம். ஆனா முழுசா நிறுத்தச் சொல்லாதீங்க அக்கா. என் தொழில் அது."

"நிறுத்த வேண்டாம்" என்றாள் உச்சி முந்திக்கொண்டு. "இவர் கையால சாப்பிட்டே இளைச்சுக் காட்டறேன் அண்ணி."

சவால் விட்டது வாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது உடம்பு. வாரத்தில் சில நாள் வெள்ளரிக்காய்ச் சுருள், சில நாள் வெறும் மீன் துண்டும் ஒரு பெரிய கிண்ணம் கீரையும், ஒரு நாள் மட்டும் ஆசைக்கு அளவாக நிஜ ரோல். சோயா சாஸைத் தொட்டுக்கொள்வதோடு சரி. ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு நடை. அடுப்படியில் ஓரம் ஊட்டுவது நின்றுபோனது. அவன் வெட்டுவான், அவள் சற்றுத் தள்ளி நிற்பாள், பேச்சு குறைந்துவிட்டது. ஓரங்கள் நாத்தனாரின் தட்டில் பூனைக்குப் போயின.

"இந்தா, போடு." நாத்தனார் தைத்து முடித்த கோட்டை உதறிக் கொடுத்தாள். பொத்தான் சிரமமில்லாமல் பூட்டிக்கொண்டது.

"ஜெயிச்சிடுவேனா அண்ணி?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழகியவள் இன்றைக்கு மட்டும் கோட்டின் தோளில் இல்லாத நூலைத் தட்டிவிட்டாள். "போ. நேரமாச்சு."

எடை பார்க்கும் மேடை ஸ்டோர் வாசலில் இருக்கிறது. மூட்டையும் கம்பிக்கட்டும் ஏற்றுகிற இரும்புப் பலகை, தலை உயரத்தில் வட்டமான முகம், நடுவில் நீளமான முள். முதல் தடவை உச்சி அதில் ஏறியபோது முள் நூறைக் கடந்து நன்றாகவே தள்ளிப்போய் நின்றது. வரிசையில் எங்கிருந்தோ ஒரு குரல், "கிரேனைத் தூக்க இன்னொரு கிரேன் கொண்டாங்கப்பா" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். உச்சியும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் அந்த மேடையில் அவள் கால் வைக்கவே இல்லை.

மேலே கூண்டுக்குள் அவளை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. அங்கே அவள் கைக்குத்தான் பேச்சு. ஒரு கண்ணாடிப் பலகையைக் காற்றில் ஆடவிடாமல் கொண்டுபோய், கீழே நிற்கிறவனின் கையில் வைக்கிற மாதிரி வைப்பாள். அந்தக் கைதான் அவளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

இன்றைக்கும் கூட்டம் கூடிவிட்டது. பாதுகாப்பு அதிகாரி வெள்ளை ஹெல்மெட்டோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றார். கறார்ப் பேர்வழி, ஆனால் வன்மம் இல்லாதவர். மூக்குக்கண்ணாடிக்காரரும் மேலிருந்து இறங்கி வந்திருந்தார். உச்சியிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா, நீங்க வந்துடணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். கூரைச் சட்டத்தை ஏத்தச் சொல்றாங்க. லிஃப்ட் சுவருக்குப் பின்னாடி இறக்கணும், மேலேயிருந்து கண்ணுக்கே தெரியாது. காத்து, காத்துன்னு சாக்குச் சொல்லியே நாளைத் தள்ளிட்டேன்."

"என்னைவிட உங்களுக்குத்தான் பயம் போலிருக்கே" என்றாள் உச்சி.

கேட்டில் சலசலப்பு. பார்த்தால், கவுண்டர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கணவன் ஓடி வருகிறான், கையில் ஒரு பெட்டி. அவனுக்குப் பின்னால் நாத்தனார், கழுத்தில் டேப் தொங்க, கையில் பெரிய கத்தரிக்கோலோடு. வழியில் கோட்டு எங்காவது பிடித்தால் அங்கேயே பிரித்துவிடலாம் என்று எடுத்து வந்தாளாம். வாசல் காவலாளி கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் வழிவிட்டிருக்கிறார்.

"கடை?" என்றாள் உச்சி.

"கடை எங்கே போயிடப் போகுது. ஏறு நீ."

"ஹெல்மெட் போட்டுக்கங்க" என்றார் அதிகாரி. "பூட்ஸ், கையுறை, ரேடியோ எல்லாம் இருக்கட்டும். மேலே எப்படிப் போவீங்களோ அப்படி."

உச்சி பலகையில் ஏறினாள்.

முள் துள்ளிக்கொண்டு கிளம்பியது. தொண்ணூறைத் தாண்டியது. நூறைத் தொட்டது. தாண்டியது.

கூட்டத்தில் யாரோ "ச்சே" என்றார்கள். கணவன் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். உச்சிக்குக் காது அடைத்துவிட்டது. இத்தனை நாள் வாயைக் கட்டியதும், நடந்ததும், அடுப்படியில் தள்ளி நின்றதும் எல்லாம் போயிற்றா?

"ஆடாம நில்லு, உச்சி!" நாத்தனாரின் குரல் வளாகம் முழுக்கக் கேட்டது. "கால் நடுங்குது பார். முள்ளும் சேர்ந்து நடுங்குது. மூச்சை விடு!"

உச்சி மூச்சை விட்டாள். காலையில் டேப்புக்கு விட்ட மாதிரியே, அடிவயிற்றிலிருந்து. கால் நின்றது. முள் ஆடி ஆடித் திரும்பி வந்தது. நூறுக்கு இந்தப் பக்கம் வந்தது, கொஞ்சம் போனது, மறுபடி வந்தது. கடைசியில் தொண்ணூற்றாறில் சோம்பேறித்தனமாக நின்றுவிட்டது.

அதிகாரி முகத்தை முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மேடையை ஒரு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை.

"தொண்ணூத்தாறு" என்றார். "கூண்டு உங்களுதும்மா."

முதல் கைதட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? இன்னொரு கிரேன் கேட்டானே, அவனிடமிருந்து. அப்புறம் கைதட்டலுக்குக் கணக்கில்லை. மூக்குக்கண்ணாடிக்காரர் விடுதலையான கைதி போல ஹெல்மெட்டைக் கழற்றி வானத்தில் வீசிவிட்டு, அதிகாரி முறைத்ததும் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டார். கணவன் அழுதான். வெங்காயம் வெட்டாத தொழிலில் இருக்கிறவன் கண்ணைத் துடைக்க ஏப்ரனைத்தான் தேடினான்.

"சுஷி சாப்பிட்டா இளைச்சே?" என்று வரிசையில் ஒரு பெண் கேட்டாள். "எந்தக் கடையில வாங்கலாம்? நாளைக்கே தொடங்கிடறேன்."

"சுஷி சாப்பிட்டுத்தான் நான் ஏறினேன்" என்றாள் உச்சி. "சுஷி சாப்பிட்டுத்தான் இறங்கவும் இறங்கினேன். எதைன்னு பார்க்கணும், எவ்வளவுன்னு பார்க்கணும். முக்கியமா, ஓரத்தை எண்ணணும்."

"ஓரமா?"

"அவர் சொல்வார்" என்று கணவனைக் கைகாட்டிவிட்டு நாத்தனாரிடம் ஓடினாள்.

நாத்தனார் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். கட்டிப்பிடிப்பதெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. உச்சி அதைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அவளை வளைத்துக்கொண்டாள்.

"உங்களாலதான் அண்ணி."

"நானெங்கே? நான் நிறுத்தச் சொன்னவ. நீங்க நிறுத்தாமலே ஜெயிச்சிட்டீங்க. என் மூக்கு உடைஞ்சதுதான் மிச்சம்" என்றாள் நாத்தனார்.

அப்போதுதான் உச்சியின் விரலில் அது தட்டுப்பட்டது. நாத்தனாரின் சட்டையில், அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில். பழைய தையல் இருந்த இடத்தில் வரிசையாகப் பொடிப் பொடி ஓட்டைகள். அதிலிருந்து ஒரு விரல் தள்ளிப் புதுத் தையல். உள்மடிப்பில் இருந்த துணியெல்லாம் வெளியே வந்திருந்தது. இந்தப் பக்கமும் அப்படியே, அந்தப் பக்கமும் அப்படியே. யாரோ சட்டையைப் பிரித்து அகலமாக்கியிருக்கிறார்கள். அந்த வீட்டில் அந்தக் கைநேர்த்தி ஒருத்தருக்குத்தான் உண்டு.

உச்சி மெதுவாகத் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் முன்பைவிடப் பூரித்திருந்தன. தன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவே இல்லையே!

"அண்ணி, நீங்களும் ஒரு தடவை ஏறுங்களேன்."

"எனக்கெதுக்கு? எனக்கு வயசுக்கு வந்ததிலேருந்து அறுபதுதான். கூடினதும் இல்லை, குறைஞ்சதும் இல்லை. ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சதுதானேக்கா, சும்மா ஏறுங்க" என்று தம்பியும் சேர்ந்துகொண்டான், விஷயம் புரியாமலே. கூட்டம் வேறு உசுப்பேற்றியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பலகையில் ஏற்றிவிட்டார்கள்.

முள் அறுபதைத் தொட்டு, மரியாதைக்குக்கூட நிற்காமல், அறுபத்தேழுக்குப் போய் உட்கார்ந்தது.

"கையில கத்தரிக்கோல் இருக்கே!" என்று கத்தினாள் நாத்தனார். "இரும்புக் கத்தரிக்கோல்!"

அதிகாரி முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். முள் ஒரு மயிரிழை அசைந்தது.

"டேப்பையும் கழட்டிடவா?" என்றான் தம்பி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "அக்கா... அந்தப் பூனை?"

"எந்தப் பூனை?"

"ஓரம் சாப்பிட வர்ற பூனை. ரெண்டு மாசமா தட்டைக் கழுவி வச்ச மாதிரி நக்கி வச்சிட்டுப் போகுதே, அந்தப் பூனை. நான் ஒரு நாள்கூட அதைக் கண்ணால பார்த்ததில்லை."

நாத்தனார் பலகையிலிருந்து இறங்கினாள். இருபது பேர் பார்க்கக் கையும் களவுமாகப் பிடிபட்டவள், முறைப்பாள் என்றுதான் உச்சி நினைத்தாள். அவள் முறைக்கவில்லை.

"குப்பையில கொட்டப் போனியேடா" என்றாள். "அன்னைக்கு உன் முகத்தைக் கண்ணாடியில பார்த்திருந்தா உனக்கே தாங்காது. உன் கையால பண்ணினதை நீயே கொட்டறதா? வீட்ல வச்சா இவ கை போகும். கொட்டினா உன் மனசு போகும். அப்ப யாராவது ஒருத்தர் தின்னுதானே ஆகணும்? முதல் நாள் கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினேன். ரெண்டாம் நாள்..." நிறுத்தினாள். "ரெண்டாம் நாள் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

உச்சி அந்தப் புதுத் தையலை மறுபடி பார்த்தாள். சுஷி வேண்டாம் என்று வீட்டை இரண்டாக்கியவள், யாருக்கும் தெரியாமல் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ராத்திரி எந்நேரமோ உட்கார்ந்து தன் சட்டையைத் தானே பிரித்து விட்டிருக்கிறாள். பகலில் உச்சியின் கோட்டைப் பிடித்துத் தைத்த அதே ஊசியால்.

"ஏன் அண்ணி சொல்லலை?"

"சொன்னா நீ சிரிச்சிருப்பே. அதுவும் போக, எனக்கென்ன அவ்வளவு ஏறிடப் போகுதுன்னு நினைச்சேன். நாங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுத்தானே..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த ரெண்டு பேரு?" என்றார்கள் உச்சியும் கணவனும் ஒரே குரலில்.

"கத்தரிக்கோலைக் குடுங்க சார்" என்று அதிகாரியிடம் திரும்பிவிட்டாள் நாத்தனார். காது மடல் சிவந்திருந்தது.

மேற்கொண்டு துருவுவதற்குள் சைரன் ஊதியது. கூரைச் சட்டம் லாரியில் காத்திருந்தது. உச்சி ஏணிப் பக்கம் நடந்தாள். கணவன் பின்னாலேயே வந்து பெட்டியைத் திறந்தான்.

உள்ளே நிஜ ரோல். சோறோடு, கடல்பாசியோடு.

"ஜெயிச்சாலும் தோத்தாலும் குடுக்கிறதா நேத்தே முடிவு பண்ணிட்டேன்" என்றான். மூடியின் ஓரத்தில் தனியாக ஒன்றே ஒன்று வைத்திருந்தான். பிசிறான ஓரத்துண்டு, சால்மன் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு. அதை எடுத்து நீட்டினான்.

"முள்ளு ஏறிடும்" என்றாள் உச்சி.

"நாலு கிலோ மிச்சமிருக்கும்மா, தாராளமா சாப்பிடுங்க" என்றார் அதிகாரி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

உச்சி வாயைத் திறந்தாள். அவன் வைத்தான். இரண்டு மாதமாக அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது அதுதான். இந்தத் தடவை பேச்சு வாக்கில் விழுங்கவில்லை. நின்று, மென்று, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"ஒண்ணு" என்றாள்.

"ஒண்ணு" என்று அவனும் எண்ணிக்கொண்டான்.

பழைய நாட்களில் பாதி ஏணிக்குள்ளேயே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். இன்றைக்கு ஒரே ஒரு இடத்தில் நின்றாள், அதுவும் கீழே கையசைக்க. கூண்டுக் கதவைத் திறந்து இருக்கையில் உட்கார்ந்தபோது இடுப்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே காற்று புகுந்தது. புது பெல்ட் முதல் தடவையிலேயே கிளிக் என்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவிழ்த்து இன்னொரு தடவை பூட்டினாள்.

"மேலே உச்சி அக்கா தயாரா?" ரேடியோவில் மூக்குக்கண்ணாடிக்காரர். அவர் மொட்டை மாடியில், லிஃப்ட் சுவருக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"தயார். நீங்க என் கண்ணா இருங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

கொக்கி இறங்கியது. சட்டம் தரையை விட்டு எழும்பியது. காற்று ஒரு பக்கம் தள்ளப் பார்த்தது, உச்சியின் இடது கை அதற்கு முன்பே அந்தப் பக்கம் போயிருந்தது. சட்டம் கட்டடத்தின் தோளைத் தாண்டி, சுவருக்குப் பின்னால் கண்ணில் இருந்து மறைந்தது. "கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும்." ஒரு சின்ன 'டொக்'. அவ்வளவுதான் சத்தம்.

"அக்கா, போல்ட் ஓட்டையில போய் உட்கார்ந்துடுச்சு! தள்ளக்கூட வேண்டியிருக்கலை!" ரேடியோவில் அவர் போட்ட கூச்சல் காதைக் கிழித்தது. கீழே தலைகள் அண்ணாந்து கை தட்டின. சத்தம் அவ்வளவு உயரத்துக்கு ஏறி வரவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. உச்சிக்கு அது போதும். கூண்டுக்குள் தனியாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

கொக்கியைத் திருப்பிக்கொண்டே கீழே தன் ஆட்களைத் தேடினாள். ஏப்ரன் கட்டிய ஒரு வெள்ளைப் பொட்டு கடையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அது அவர். அண்ணி எங்கே?

அண்ணி ஸ்டோருக்குப் பின்பக்கம், அடுக்கி வைத்த பலகைகளின் மறைவில் நின்றாள். தரையில் இருப்பவர்கள் யாருக்கும் அந்த இடம் தெரியாது. மேலே இருப்பவளுக்கு எல்லாம் தெரியும். கையில் தம்பி விட்டுப்போன பெட்டி திறந்திருந்தது. கழுத்து டேப் காற்றில் ஆடியது. எதிரே ஒரு ஆள்.

நாத்தனார் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். அக்கம் பக்கம் பார்த்தாள். மேலே மட்டும் பார்க்கவில்லை. எடுத்த துண்டை அந்த ஆளின் வாயில் வைத்தாள்.

உச்சி கண்ணாடியில் மூக்கு நசுங்க எட்டிப் பார்த்தாள். அந்த உயரத்திலிருந்து அந்தப் பூனைக்கு முகம் இல்லை. தெரிந்ததெல்லாம் உச்சந்தலையில் கவிழ்ந்திருந்த ஒரு மஞ்சள் ஹெல்மெட். அந்த வளாகத்தில் வெள்ளை ஹெல்மெட் போட்டவர் அதிகாரி ஒருவர்தான். மற்ற அத்தனை பேரும் மஞ்சள்.